புளியங்கொட்டையின் ஆகாரச் சத்து

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் போன்ற ஆலைப் பகுதிகளில் குடியிருப்போருக்கு வேண்டிய புளி, கிருஷ்ணகிரி, தருமபுரி முதலிய ஜில்லாக்களில் விளைகிறது. பழத்தின் எடையில் மூன்றிலொரு பங்கு கொட்டை. அதனை ஆகாரமாக மதிப்போர் இன்று அரியர்.

கொரியாவில் ஓக் மரத்தின் கொட்டையை மாவாக்கி உண்கின்றனர். டானின் என்னும் துவர்ப்புப் பொருள் அதன் பருப்பு முழுதும் பரவியிருப்பதால், பலமுறை நீர் மாற்றி ஊறவைத்தாலன்றி அது வாய்க்கு உதவாது. புளியங்கொட்டையிலோ அத்துவர்ப்பு பெரும்பாலும் தோலிலேயே அடங்கியுள்ளது. வறுத்து, இடித்து, தோலைப் புடைத்து நீக்கினால் போதும். பஞ்ச காலங்களில் ஏழைகள் இப்பருப்பை ஊறவைத்து வேகவைத்து உண்டதுண்டு.

பருப்பில் 100 பங்குக்குச் சுமார் 15 முதல் 20 பங்கு புரதம் உண்டு. அரிசியில் 7 பங்கே. ஆயினும் இதனை அரிசிக்கு ஈடாகக் கூறுதல் பொருந்தாது. இதில் மிகுந்துள்ளது மாவுச்சத்தன்று. மனிதர் குடலில் எளிதில் செரியாத பசைப்பொருள். துணிகளுக்குக் கஞ்சியிட ஆலைக்காரர் இம்மாவை நாடுவதும் அப்பசைக்காகவே. புரதத்தின் செரிமானத்தைத் தடுக்கும் பொருளொன்றும் பச்சைப் பருப்பில் உண்டு. அது சூட்டினால் கெடும். ஆகவே நன்கு வறுத்த மாவைத் தானிய மாவுடன் சிறிதளவு கலந்து உண்பதும், எஞ்சியதைக் கறவை மாடுகளின் கலப்புத் தீவனத்தில் சேர்ப்பதுமே உசிதம். தோல் நீக்காத கொட்டையை மாட்டுக்கிடுவது சிக்கனமாகாது. டானின் புரதத்தைப் பற்றிக்கொண்டு செரியவிடாது.

புறம்போக்குப் புளியமரங்களின் மகசூலை ஏலமிடும் கிராம அதிகாரிகள், சதையின் விலையோடு கொட்டையின் விலையையும் கணக்கிட்டே ஆரம்பத் தொகையைக் குறிப்பது நலம்.