வணிகர் பகுதி: அம்பாளும் ஆண்டாளும்

நம்மவர் கடை திறக்கும்போது குலதெய்வத்தின் பெயரையோ பெற்றோரின் பெயரையோ பலகையில் எழுதிப் பூசையிட்டுத் தொடங்குவது வழக்கம். அதில் குற்றமில்லை. ஆயின் நம் வீட்டுக் குழந்தையின் பெயர் அடுத்த வீட்டுக் குழந்தைக்கும் இருக்கலாம். நம் சரக்கின் பெயர் அடுத்த கடைச் சரக்குக்கு இருத்தலாகாது. இவ்வேறுபாட்டைக் கருதாமல் வழக்கு மன்றத்தின் படியேறியவர் பலர். ஆதலின் 'டிரேட் மார்க்' எனப்படும் வணிகக் குறியைப் பற்றி இத்திங்கள் சில சொல்ல விழைகின்றோம்.

ஒருவர் சரக்கைப் பிறர் சரக்கினின்றும் பிரித்துக் காட்டும் சொல்லோ, படமோ, மேலுறையோ வணிகக் குறியாகும். 1999-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று, 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த சட்டமே இன்று இதனை ஆள்கின்றது. அதற்கு முன் 1940, 1958 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் இருந்தன. அந்நாளில் நம் தமிழகத்து மூக்குப்பொடி ஒன்றன் பொருட்டு எழுந்த வழக்கு இன்றும் வழக்கறிஞர்களால் எடுத்துக் காட்டப்படுகின்றது.

சென்னையில் ஸ்ரீ அம்பாள் கம்பெனியார் மூக்குப்பொடி செய்து விற்றுவந்தனர். 'ஸ்ரீ அம்பாள்' என்ற பெயரும், அம்பாள் உருவம் பொறித்த உறைச்சீட்டும் அவர்களுடைய பதிவுபெற்ற குறிகள். அதே சென்னையில் மூக்குப்பொடி வணிகம் செய்த ராதா கம்பெனியார் 1958-இல் 'ஸ்ரீ ஆண்டாள்' என்ற குறியைப் பதிவு செய்ய விண்ணப்பித்தனர். அம்பாள் கம்பெனியார் மறுப்புத் தெரிவித்தனர். வழக்கு உயர் நீதிமன்றம் கடந்து உச்ச நீதிமன்றம் சென்றது. 1969 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. ஆண்டாளுக்குப் பதிவு கிட்டவில்லை.

நேயர்கள் வியப்புறலாம். அம்பாள் சிவபெருமானின் தேவி. ஆண்டாளோ திருவில்லிபுத்தூரில் அவதரித்த வைணவத் திருமகள். இருவரையும் ஒருவராகக் கருதும் தமிழர் எவர்? இக்கேள்விக்கு நீதிமன்றம் அளித்த விடைதான் நாம் நெஞ்சிற் கொள்ளத்தக்கது. இரு தெய்வங்களும் வேறென்பதைத் தென்னாட்டு இந்துக்கள் அறிவர். ஆயினும் இரண்டு பெயர்களும் செவியில் ஏறக்குறைய ஒன்றாகவே ஒலிக்கின்றன. அன்றியும், அம்பாள் பொடியை வாங்குவோர் இந்துக்கள் மட்டுமல்லர், தென்னாட்டார் மட்டுமல்லர். முன்பு வாங்கிய பொருளின் பெயரையும் படத்தையும் அரைகுறையாக நினைவிற் கொண்டு வருபவரே வாடிக்கைக்காரர். அவர் சைவ வைணவ நுட்பங்களை ஆராய்ந்து பொடி வாங்குவதில்லை.

கொல்கத்தாவில் தொழில் நடத்தும் நமக்கு இத்தீர்ப்பு மிகவும் பொருந்தும். லேக் மார்க்கெட் பகுதியில் காப்பித்தூளோ அப்பளமோ விற்பவரிடம் வாங்க வருவோர் தமிழர் மட்டுமோ? வங்காளியர் நாவில் வகரம் பகரமாகும். விமலா பிமலா ஆவாள். தமிழ்ச் செவிக்கு வெவ்வேறான இரு பெயர்கள் இந்நகரத்தார் செவிக்கு ஒன்றாகவே படலாம். ஆகவே பெயர் தேர்வு செய்பவர், "எனக்கு வேறுபாடு தெரிகின்றதா?" என்று கேட்டல் போதாது; "வாங்குபவருக்குத் தெரியுமா?" என்றும் கேட்டல் வேண்டும்.

தனித்தன்மையுள்ள பெயரே வலிமையுள்ள பெயர். 'நல்ல காப்பி' என்பதை எவரும் தமக்கே உரித்தாக்கிக் கொள்ள இயலாது. பாட்னாவைச் சேர்ந்த ஊதுவத்தி வணிகர் ஒருவர் 'ராமாயண்' என்ற பெயருக்கு உரிமை கோரியபோது, புனித நூலின் பெயர் தனியொருவர்க்கு உரியதாகாது என 2015-இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

பெயரைத் தேர்ந்தபின் செய்ய வேண்டுவன அரியவையல்ல. அதனை ஒத்த பெயர் முன்னரே உளதா எனப் பதிவேட்டை இணையத்தில் தேடிப் பார்க்க வேண்டும். மேற்கு வங்காளத்தார்க்குரிய பதிவகம் சால்ட் லேக் ஐந்தாம் செக்டரில் உள்ளது. 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி, தனிமனிதரும் சிறுதொழில் நிறுவனத்தாரும் இணையவழி விண்ணப்பிக்க வகுப்பொன்றுக்கு ரூ. 4,500 கட்டணம். காப்பித்தூள் 30-ஆம் வகுப்பு. உணவு விடுதி 43-ஆம் வகுப்பு. இரண்டும் நடத்துவோர் இரண்டிலும் பதிதல் நலம். விண்ணப்பம் பதிவக இதழில் வெளியானபின் நான்கு மாதத்துக்குள் எவரும் மறுப்புத் தெரிவிக்கலாம். பதிவு பத்தாண்டுக்குரியது, பின்னர்ப் புதுப்பித்துக்கொண்டே வரலாம்.

பதியாத பெயருக்குப் பாதுகாப்பே இல்லையோ எனின், உண்டு. தம் சரக்கைப் பிறர் சரக்கென மயங்கும்படி விற்பவர் மீது வழக்குத் தொடர உரிமை உண்டு. முன்னரே ஒரு பெயரை இடையறாது கையாண்டு வந்தவரைப் பின்வந்த பதிவாளர் தடுக்கவும் இயலாது. ஆனால் நற்பெயரையும் நெடுநாள் வழக்கத்தையும் மெய்ப்பிக்கும் சுமை நம்முடையது. ஆதலால் பழைய பில்களையும், உறைகளையும், சங்க ஆண்டு மலர்களில் வெளியிட்ட விளம்பரங்களையும் பழைய காகிதக்காரனிடம் போட்டுவிடாதீர்கள்.

இன்னும் ஒன்று. பிறர் நம் பெயரைக் கையாளுவதை அறிந்தும் வாளாவிருத்தல் கேடு. 'அமிர்ததாரா' என்ற மருந்துக்காரர் 'லட்சுமண்தாரா' என்ற பெயரை எதிர்த்த வழக்கில், இரு பெயர்களும் மயக்கம் தருவனவே என 1962-இல் உச்ச நீதிமன்றம் ஒப்பியது. ஆயினும் லட்சுமண்தாரா 1923 முதல் விற்பனையாகி வந்ததை எதிர்க்காமல் இருந்தமையால், உத்தரப் பிரதேசத்தில் அப்பெயரைப் பதிவு செய்துகொள்ள இடங்கொடுத்துவிட்டது. இன்றைய சட்டத்திலோ, பின்னர்ப் பதிவான குறியை அறிந்தே ஐந்தாண்டு இடையறாது பொறுத்திருந்தவர், அது தீய எண்ணத்துடன் பதியப்பட்டதாயினன்றி, அதனை எதிர்க்கும் உரிமையை இழக்கின்றார்.

ஊர் விட்டு ஊர் வந்து, தந்தையார் தேடிய நற்பெயரை மூலதனமாகக் கொண்டு பிழைப்பவர் நம்முள் மிகுதி. கடையின் இடம் வாடகையாக இருக்கலாம். பெயராவது நமக்குச் சொந்தமாக இருக்கட்டும். இவ்வாரமே உங்கள் பலகையிலுள்ள பெயரைப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள்.