நிழலை விழுங்கும் அப்டேட்!

இருட்டு என்றால் அங்கே ஒன்றும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. இருட்டிலும் பொருள் உண்டு. நிழலிலும் முகம் உண்டு.

ஒரு திருமண வீடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். மணமேடையில் விளக்குகள் ஜொலிக்கின்றன. மணப்பெண்ணின் பட்டுச் சேலை பளபளக்கிறது. தூணின் நிழலில் பாட்டி நின்று ஆனந்தக் கண்ணீரைத் துடைத்துக்கொள்கிறாள். ஊராருக்கு மேடை முக்கியம். வீட்டாருக்கோ பாட்டியின் முகம் முக்கியம்!

அந்த முகத்தைக் காப்பாற்றித் தருவது வீடியோ எடிட்டரின் வேலை. அவர் பார்த்துப் பார்த்துச் செய்த வேலையை, கம்ப்யூட்டரில் இரவோடு இரவாக வந்து இறங்கும் ஓர் அப்டேட் பாழாக்கிவிடலாம். அது எப்படி?

கறுப்புக்கும் கணக்கு உண்டு

கம்ப்யூட்டருக்கு ஒளி என்பது வெறும் எண். சாதாரண வீடியோவில் 0 முதல் 255 வரை எண்கள் உண்டு. 0 என்றால் முழுக் கறுப்பு. 255 என்றால் முழு வெள்ளை.

ஆனால் டெலிவிஷன் உலகில் வேறொரு வழக்கமும் இருக்கிறது. அங்கே 16தான் கறுப்பு. 235தான் வெள்ளை. இரண்டு வழக்கங்களும் இன்றும் புழக்கத்தில் உள்ளன. எந்தப் படத்தை எந்த வழக்கப்படி படிப்பது என்பதைச் சாப்ட்வேர் முடிவு செய்கிறது.

முதல் வழக்கப்படி எடுத்த படத்தை இரண்டாவது வழக்கப்படி படித்தால் என்ன ஆகும்? 0 முதல் 16 வரை உள்ள எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். கூந்தலின் இழை, கறுப்புக் கோட்டின் மடிப்பு, நிழலில் நிற்பவரின் கண் எல்லாம் மையில் தோய்த்தது போல் மறையும். மாற்றிப் படித்தால், படம் முழுவதும் சாம்பல் பூசினாற்போல வெளிறிப்போகும்.

படத்தில் கோளாறு இல்லை. படித்த விதத்தில்தான் கோளாறு. ஒரு புதிய அப்டேட் இந்தப் படிக்கும் முறையை மாற்றினால், நேற்று தெரிந்த முகம் இன்று தெரியாது!

2009-ல் நடந்தது

இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. 2009 ஆகஸ்டு மாதம் ஆப்பிள் நிறுவனம், மேக் கம்ப்யூட்டர்களுக்காக "ஸ்னோ லெப்பர்ட்" என்ற புதிய பதிப்பை வெளியிட்டது. அதில் "காமா" என்னும் அளவு மாறியது. எண்ணைத் திரையில் எவ்வளவு ஒளியாகக் காட்டுவது என்று சொல்லும் கணக்குத்தான் காமா. மேக்கில் அது அதுவரை 1.8 ஆக இருந்தது. புதிய பதிப்பில் 2.2 ஆயிற்று.

சிறிய மாற்றம் என்று எண்ண வேண்டாம். முழு வெள்ளையில் பத்தில் ஒரு பங்கு எண் கொண்ட ஒரு நிழலைப் பாருங்கள். 1.8 கணக்கில், வெள்ளையின் ஒளி 100 என்றால் அந்த நிழலின் ஒளி 1.6. 2.2 கணக்கில் அது வெறும் 0.6! பாதிக்கும் மேலே போய்விட்டது. ஆனால் வெளிச்சமான இடத்தில் அவ்வளவு இழப்பு இல்லை. 67 ஆக இருந்தது 61 ஆகிறது. ஆக, அடி விழுவது நிழலுக்குத்தான்.

இந்த மாற்றம் தவறா? இல்லை. டெலிவிஷன்களும் மற்றக் கம்ப்யூட்டர்களும் ஏறக்குறைய 2.2 கணக்கில்தான் இருந்தன. உலகத்தோடு ஒத்துப்போவது நல்லதுதான். ஆனால் ஒரு படத்தின் முதல் பாதியை 1.8-ல் பார்த்துச் சரிசெய்தவர், மறு பாதியை 2.2-ல் பார்த்துச் செய்தால், இரண்டு பாதியும் ஒட்டுமா?

சொல்லிவிட்டுச் செய்யட்டும்

மாற்றம் குற்றமல்ல. சொல்லாமல் மாற்றுவதே குற்றம். முடித்துவைத்த வேலையில், உரியவரைக் கேட்காமல் கைவைக்க யாருக்கும் உரிமை இல்லை.

நல்ல வழியும் இல்லாமல் இல்லை. அடோபி நிறுவனத்தின் "லைட்ரூம்" புகைப்பட சாப்ட்வேரில் 2012-ல் நிழலைத் திருத்தப் புதிய முறை வந்தது. ஆனாலும் அதற்குமுன் திருத்திய படங்கள் பழைய முறையிலேயே இருந்தன. உரியவர் விரும்பினால் மட்டுமே புதிய முறைக்கு மாறின. இதுவல்லவா நாணயம்! எல்லா வீடியோ சாப்ட்வேர் நிறுவனங்களும் இதைச் செய்ய வேண்டும்.

எடிட்டர்களுக்கும் கடமை உண்டு. "அப்டேட்டே வேண்டாம்" என்று பிடிவாதம் பிடிப்பது சரியல்ல. திருட்டுக்கு வழிவிடும் ஓட்டைகளை அடைப்பதும் அப்டேட்தான். புதிய கேமராக்களின் படங்களைத் திறக்க வைப்பதும் அதுதான். ஆனால் பாதி வேலையில் மாற்றக் கூடாது. மாற்றுமுன் வேலையின் நகல் ஒன்றைத் தனியே வைக்க வேண்டும். புதிய பதிப்பில் திறந்து சேமித்த வேலையைப் பழைய பதிப்பு பெரும்பாலும் திறக்காது.

அப்டேட் செய்தபின், முன்பு முடித்த ஓர் இருட்டுக் காட்சியைப் பழைய பிரதியோடு ஒப்பிட வேண்டும். கண்ணை மட்டும் நம்பக் கூடாது. ஒளியின் அளவைக் காட்டும் வரைபடம் எடிட்டிங் சாப்ட்வேரிலேயே உண்டு. எண் மாறியதா, திரை மாறியதா என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

வீட்டார் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. வீடியோவை வாங்கும்போது, கேமராவில் எடுத்த மூலப் படங்களையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எடிட் செய்த பிரதியில் மையாகிப்போன நிழலை மீட்க முடியாது. மூலம் கையில் இருந்தால் மறுபடியும் செய்துகொள்ளலாம்.

சாப்ட்வேர் ஆண்டுக்கு ஆண்டு மாறும். போன நாள் திரும்பி வராது. அந்த நாளைக் காட்டும் படத்தின்மீது கைவைக்குமுன், ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்?