பஸ் போகுமுன் ஒரு வகுப்பு

புதுமைப்பெண் 2022-இல் வந்தது; தமிழ்ப்புதல்வன் 2024-இல், நம் கோவையிலேயே தொடங்கியது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாய். நல்ல காரியம். ஆனால் உள்ளே போனபின் ஆங்கிலப் புத்தகம் புரிகிறதா, சதவீதக் கணக்கு வருகிறதா? 'பிரிட்ஜ் கோர்ஸ்' என்று சில நாளில் முடித்துவிடுகிறார்கள்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து வேலைக்கு வந்த எனக்குத் தமிழில் ஒரு குறிப்பு எழுத வராது. தலைமை எழுத்தர் ஆறு மாதம் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தார், அலுவலக நேரத்திலேயே. (சம்பளமும் உண்டு!)

அடிப்படை வகுப்பையும் அப்படிக் கால அட்டவணைக்குள்ளேயே, ஒரு செமஸ்டர் முழுக்க வைக்கவேண்டும். நாலு மணிக்குமேல் வைத்தால் மூலனூர், குண்டடம் பிள்ளைகள் பஸ்ஸைப் பார்ப்பார்களா, பாடத்தைப் பார்ப்பார்களா? 'மெதுவாகப் படிப்போர் வகுப்பு' என்று மட்டும் பெயர் வைத்துவிடாதீர்கள்; ஒருத்தரும் வரமாட்டார்கள்.