தேநீர் குடிக்கும் துப்பறிவாளர்

ஒருவர் லண்டன்காரர். வேலை, ஒற்றறிவது. அவருக்கு ஓர் எண் உண்டு: 007. கையில் மதுக்கோப்பை இருக்கும். சட்டைக்குள் துப்பாக்கி இருக்கும். யாரைச் சுட்டாலும் கேள்வி இல்லை. அரசாங்கமே அதற்கு அனுமதி கொடுத்திருக்கிறது!

இன்னொருவர் நம்மவர். வேலை, துப்பறிவது. எண் கிடையாது. மூளை களைத்துப் போனால் அவர் கேட்பது மது அல்ல. ஒரு கோப்பைத் தேநீர்! வீட்டில் இந்திரா என்று மனைவி இருக்கிறார். மாது என்று வேலைக்காரன் இருக்கிறான். வகாப் என்று போலீஸ் நண்பர் இருக்கிறார்.

முதலாமவர் ஜேம்ஸ்பாண்டு. அவரை உலகம் முழுவதும் அறியும்.

இரண்டாமவர் சங்கர்லால். அவரை 50 வயதைத் தாண்டிய தமிழர்கள் அறிவார்கள். அந்தத் தமிழர்களின் பேரப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். "யார் அவர்?" என்பார்கள்.

சங்கர்லாலைப் படைத்தவர் தமிழ்வாணன். 1926-இல் தேவகோட்டையில் பிறந்தவர். இயற்பெயர் ராமநாதன். 1977-இல் காலமானார். அவர் பிறந்த நூறாவது ஆண்டு 2026. பாண்டின் புதுப் படம் வந்தால் நாம் வரிசையில் நிற்கிறோம். தமிழ்வாணனின் நூற்றாண்டுக்கு நாம் என்ன செய்யப் போகிறோம்?

பறவைப் புத்தகத்தில் கிடைத்த பெயர்

முதலில் லண்டன்காரரைப் பார்த்துவிடுவோம்.

பாண்டைப் படைத்தவர் இயான் பிளெமிங். 1908-இல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படையின் உளவுத்துறைத் தலைவருக்கு உதவியாளராக இருந்தார். மேஜைக்கு முன் உட்கார்ந்து திட்டம் போடும் வேலை. போர் முடிந்தது. பிளெமிங் ஜமைக்காத் தீவில் வீடு கட்டினார். ஆண்டுதோறும் குளிர் காலத்தில் அங்கே போவார். தட்டச்சு எந்திரத்தின் முன் உட்கார்ந்து ஒரு நாவலை முடித்துக்கொண்டு திரும்புவார்.

கதாநாயகனுக்குப் பெயர் வேண்டும். பகட்டு இல்லாத பெயராக இருக்கவேண்டும். அவர் வீட்டில் பறவைகளைப் பற்றிய புத்தகம் ஒன்று இருந்தது. அதை எழுதியவர் அமெரிக்காவைச் சேர்ந்த பறவை ஆராய்ச்சியாளர். அவர் பெயர் ஜேம்ஸ் பாண்டு! பிளெமிங் அதையே எடுத்துக்கொண்டார்.

முதல் நாவல் "கசினோ ராயல்" 1953-இல் வந்தது. 1961-இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்குப் பிடித்த 10 புத்தகங்களின் பட்டியல் பத்திரிகையில் வெளியாயிற்று. அதில் ஒரு பாண்டு கதையும் இருந்தது. விற்பனை பறந்தது. 1962-இல் முதல் சினிமாப் படம் வந்தது. இரண்டே படங்களைத்தான் பிளெமிங் பார்த்தார். 1964 ஆகஸ்டு மாதம், 56-ஆவது வயதில் மாரடைப்பால் இறந்தார். மூன்றாவது படம் அடுத்த மாதம் திரைக்கு வந்தது.

பாண்டுக்கும் நம் ஊருக்கும் ஓர் உறவு உண்டு. 1983-இல் வந்த "ஆக்டோபஸி" படத்தின் பல காட்சிகள் உதயப்பூரில் எடுக்கப்பட்டன. அதில் பாண்டுக்குத் துணை வரும் உளவாளியாக நடித்தவர், சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ். டென்னிஸ் மட்டையாலேயே எதிரிகளை அடித்து விரட்டுவார். தியேட்டரில் விசில் பறந்த காட்சி அது!

தொப்பி, கறுப்புக் கண்ணாடி

இனி நம்மவர்.

தமிழ்வாணனின் முகத்தைத் தெரியாதவர்களுக்கும் அவர் தொப்பி தெரியும். கறுப்புக் கண்ணாடி தெரியும். புத்தக அட்டையில் அந்த இரண்டையும் படமாகப் போட்டால் போதும். "தமிழ்வாணன் புத்தகம்" என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிடுவார். தொப்பியையும் கண்ணாடியையும் மட்டும் உறையின்மேல் வரைந்து தபாலில் போட்ட கடிதங்களும் அவரிடம் போய்ச் சேர்ந்தன என்று சொல்வார்கள்.

அவர் "கல்கண்டு" வார இதழின் ஆசிரியர். குமுதம் நிறுவனத்தார் வெளியிட்ட சின்னஞ்சிறு இதழ் அது. பக்கத்துக்குப் பக்கம் துணுக்குகள். யார் எதைக் கேட்டாலும் கேள்வி பதில் பகுதியில் விடை சொல்வார். "துணிவே துணை" என்பது அவருடைய தாரக மந்திரம். மணிமேகலைப் பிரசுரத்தைத் தொடங்கியவரும் அவர்தான். உடல் நலம், கைரேகை, தொழில், தன்னம்பிக்கை என்று அவர் எழுதாத பொருள் இல்லை. கட்டபொம்மனைக் கொள்ளைக்காரன் என்று எழுதிப் பெரிய சர்ச்சையையும் கிளப்பினார். அவர் சொன்னதை எல்லாம் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் படிக்காமல் வைத்தவர்கள் குறைவு.

அந்தப் பேனாவில் பிறந்தவர்தான் சங்கர்லால்.

சங்கர்லால் விமானம் ஏறுவார். "டோக்கியோ ரோஜா" கதையைப் படித்தவனுக்கு ஜப்பான் நாட்டுத் தலைநகரம் எது என்று வாத்தியார் சொல்லித் தரவேண்டியதில்லை. அந்தக் காலத்தில் விமானத்தை அண்ணாந்து பார்த்தவர்கள்தான் அதிகம். மீனம்பாக்கத்துக்குப் பக்கத்திலேயே குடியிருந்தாலும், தலைக்குமேல் பறந்ததைத்தான் பார்த்தார்கள். ஏறிப் பார்த்ததில்லை. அவர்களைச் சங்கர்லால் கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

எளிய தமிழ் எங்கே பிறந்தது?

தமிழில் துப்பறியும் கதை தமிழ்வாணனுக்கு முன்பே உண்டு. 1894-இலேயே பண்டித நடேச சாஸ்திரி "தானவன்" என்ற போலீஸ் நிபுணனின் கதையை எழுதினார். பிறகு ஜே.ஆர்.ரங்கராஜு வந்தார். அவருடைய துப்பறிவாளர் பெயர் கோவிந்தன். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் "திகம்பர சாமியார்" 1950-இல் படமாகவே வந்தது. மாறுவேடத்துக்குமேல் மாறுவேடம் போட்டு அசத்தியவர் எம்.என்.நம்பியார்! ஆனந்த விகடனில் தேவன் எழுதிய "துப்பறியும் சாம்பு"வை மறக்கமுடியுமா? அசட்டுத்தனமே முதலீடாக வைத்துக் குற்றவாளியைப் பிடித்தவர் சாம்பு.

இவர்களில் பழைய ஆசிரியர்களின் நடையைப் பாருங்கள். ஒரு வாக்கியம் ஒரு முழம் நீளும். வடமொழிச் சொல் நிறைய வரும். பள்ளிக்கூடம் போனவர்கள் படிக்கலாம். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள் பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார்கள்.

தமிழ்வாணன் வாக்கியத்தை வெட்டினார். சிறு சிறு வாக்கியம். ஒவ்வொன்றிலும் ஒரு செயல். கதவு திறந்தது என்றால் திறந்தது. உள்ளே யார் என்பது அடுத்த வரியில். கூடியவரை தமிழ்ச் சொல். எழுத்துக் கூட்டிப் படிப்பவனும் அந்த அடுத்த வரிக்குப் போய்த்தான் தீருவான். உள்ளே யார் என்று தெரியவேண்டாமா?

இதைத்தான் பெரிய காரியம் என்கிறோம். சங்கர்லாலின் சாகசம் இரண்டாம் பட்சம். ஒரு பக்கத்தைப் படித்தவனை மறுபக்கத்துக்குத் திருப்ப வைத்தார் பாருங்கள், அது எந்தப் பாடப் புத்தகமும் எளிதில் செய்யாத வேலை. பையன்கள் கணக்குப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தார்கள். அப்பா பிடுங்கிக்கொண்டார். பிடுங்கியவர், விளக்கை அணைக்காமல் உட்கார்ந்து முடித்துவிட்டுத்தான் தூங்கினார். அம்மாவுக்குச் சமையல் கட்டில் உலை கொதிக்கும்போது நாலு பக்கம். வீட்டில் ஒரு புத்தகம், படிப்பவர் ஐந்து பேர்!

ரெயிலில் ஒரு மணி நேரம்

தாம்பரம் வட்டாரத்துக்காரர்களுக்கு இதில் தனிப் பங்கு உண்டு.

கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-இல் மின்சார ரெயில் ஓடத் தொடங்கியது. சுமார் 30 கிலோ மீட்டர். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி. குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் குடியேறிய குமாஸ்தாக்கள், தொழிலாளிகள், டைப்பிஸ்டுகள் அந்த நேரத்தை என்ன செய்தார்கள்? சீட்டாடினார்கள். அரசியல் பேசினார்கள். மற்றவர்கள் படித்தார்கள்.

ரெயில் கதை என்றால் ரெயிலுக்குள் முடியவேண்டும். பரங்கிமலையில் கொலை, மாம்பலத்தில் சந்தேகம், எழும்பூரில் கைது! பின்னாளில் மாத நாவல்கள் வந்தபோது இந்தப் பயணிகள்தான் அவற்றைத் தாங்கிப் பிடித்தார்கள். ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் - சுசீலா, சுபாவின் நரேந்திரன் - வைஜெயந்தி ஆகியோர் எல்லாம் பிளாட்பாரக் கடையில் கயிற்றில் தொங்கியவர்கள்தாம். சுஜாதாவின் கணேஷ் - வசந்த் கொஞ்சம் மேல் தட்டில் இருந்தார்கள்.

சினிமாவும் சும்மா இருக்கவில்லை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் "வல்லவன் ஒருவன்" (1966), "சி.ஐ.டி.சங்கர்" (1970) என்று எடுத்துத் தள்ளியது. கதாநாயகன் ஜெய்சங்கர். "தென்னகத்து ஜேம்ஸ்பாண்டு" என்று பட்டம் கொடுத்தார்கள். புறநகர் டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்து பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு 1972 முதல் முத்து காமிக்ஸ் "இரும்புக்கை மாயாவி"யைக் கொடுத்தது. 1984-இல் ராணி காமிக்ஸ், ஜேம்ஸ்பாண்டையே தமிழ் பேச வைத்தது.

இப்போது அதே ரெயிலில் ஏறிப் பாருங்கள். எல்லார் கையிலும் செல்போன். குனிந்த தலை நிமிர்வதில்லை. அதைக் குறை சொல்லிப் பயன் இல்லை. காலம் மாறிவிட்டது. ஆனால் ஒன்று மட்டும் உறுத்துகிறது. ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் எத்தனையோ பிள்ளைகளுக்குத் தமிழில் பேச வருகிறது, படிக்க வரவில்லை. எழுத்துக் கூட்டுகிறார்கள். 1950-களில் தாத்தா நின்ற இடத்தில் இப்போது பேரன் வந்து நிற்கிறான்! தாத்தாவுக்குச் சங்கர்லால் கிடைத்தார். பேரனுக்கு என்ன கொடுக்கப் போகிறோம்?

குறை இல்லையா?

உண்டு. மறைப்பானேன்?

சங்கர்லால் கதைகளில் தற்செயல் அதிகம். வேண்டிய நேரத்தில் வேண்டிய ஆள் வந்து நிற்பார். சங்கர்லால் தவறே செய்யமாட்டார். எல்லாம் தெரிந்தவரிடம் சில நேரம் சலிப்பும் வரும். நம் கருத்தைச் சொன்னால், தேவனின் சாம்புவிடம் இருக்கும் மனிதச் சுவை சங்கர்லாலிடம் இல்லை.

பாண்டு கதைகளிலோ வேறு விதக் குறை. பெண்களைப் பற்றியும் கறுப்பர்களைப் பற்றியும் பிளெமிங் எழுதிய சில வரிகளை இன்று சகிக்கமுடியாது. அவருடைய நிறுவனமே 2023-இல் புதுப் பதிப்புப் போட்டபோது சில சொற்களை நீக்கிவிட்டது. பாண்டைப் பிள்ளைகள் கையில் கொடுக்குமுன் பெற்றோர் யோசிக்கவேண்டும். தேநீர் குடிக்கும் சங்கர்லாலிடம் அந்தப் பயம் இல்லை. குடும்பமே உட்கார்ந்து படிக்கலாம்.

பிரிட்டனில் பிளெமிங்கின் வாழ்க்கையைப் பலர் எழுதிவிட்டார்கள். கையெழுத்துப் பிரதிகளைப் பல்கலைக்கழகம் பாதுகாக்கிறது. இங்கே துப்பறியும் கதை என்றால் மூக்கைச் சுளிக்கிறோம். இலக்கிய வரலாற்றுப் புத்தகங்களில் பெரும்பாலும் ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள். லட்சக்கணக்கானவர்களைப் படிக்க வைத்தவனுக்கு ஒரு வரிதானா?

வரி கட்டுகிறோம், கேட்கலாம்

1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. நூலக மேதை எஸ்.ஆர்.ரங்கநாதன் அதற்காகப் பாடுபட்டார். கல்வி மந்திரி அவினாசிலிங்கம் செட்டியார் அதை நிறைவேற்றினார். அன்று முதல் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வருகிறது. தாம்பரம் 2021-இல் மாநகராட்சி ஆயிற்று. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாம் அதில் சேர்ந்தன. வீடு வைத்திருப்பவர்கள் ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலகத்துக்கு என்று ஒரு தொகை இருக்கும். அது நம் பணம்.

ஆகவே கேட்கிறோம். இந்தப் பகுதிக் கிளை நூலகம் ஒவ்வொன்றிலும் துப்பறியும் கதைகளுக்கு ஓர் அலமாரி வேண்டும். மேல் தட்டில் அல்ல. 10 வயதுப் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில்! நடேச சாஸ்திரி, ரங்கராஜு, தேவன், தமிழ்வாணன் எல்லாரும் அதில் இருக்கவேண்டும். பெரிய எழுத்தில் அச்சிட்ட பதிப்பு கிடைத்தால் இன்னும் நல்லது. முதியோருக்கும் அது உதவும்.

மொழிபெயர்ப்பாளர்களுக்கும் ஒரு சேதி. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரைதான் பதிப்புரிமை. பிளெமிங் உயிரோடு இருந்தபோது வெளியான நாவல்களுக்கு அந்தக் கெடு 2024 டிசம்பரோடு முடிந்துவிட்டது. தமிழில் நல்ல நடையில் கொண்டுவர விரும்புகிறவர்களுக்கு வழி திறந்திருக்கிறது. தமிழ்வாணன் எழுத்துகளுக்கு இன்னும் உரிமை உண்டு. அவற்றைப் பதிப்பகத்தாரிடம் வாங்கித்தான் படிக்கவேண்டும்.

வீட்டுப் பரணையும் ஒரு முறை பாருங்கள். தாத்தா பைண்டு செய்து வைத்த பழைய கல்கண்டு இதழ்களும் சங்கர்லால் கதைகளும் அங்கே கிடக்கலாம். பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வெயிலிலும் காயவைக்காதீர்கள். தாள் நொறுங்கிவிடும். நிழலில் விரித்து, தூசியை மெல்லிய துணியால் துடையுங்கள். பிறகு பேரனைக் கூப்பிட்டு முதல் பக்கத்தை மட்டும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் தேநீர் இருக்கட்டும்.