பூட்டி வைத்த ஓடுபாதை

எம்.ரெட்டியபட்டிக்கு மேலே இரண்டாயிரம் அடி உயரத்தில் பறந்திருக்கிறேன். கணினித் திரையில்தான், ஃப்ளைட் சிமுலேட்டர் என்னும் மென்பொருளின் தயவில். மதுரையில் மேலெழும்பி அருப்புக்கோட்டையைக் கடந்தால் சற்று நேரத்தில் எங்கள் ஊர். கீழே கண்மாய்கள் எல்லாம் கரை தொட்டு நிறைந்து நீலமாய்ப் பளபளத்தன. அது சித்திரை மாதம். வீட்டுக்கு வெளியே இருந்த மெய்யான கண்மாயோ பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அதற்குள் முளைத்திருந்த சீமைக்கருவேல நிழலில் ஆடுகள் ஒண்டியிருந்தன.

இதைச் சிரித்துவிட்டுக் கடந்து போகலாம். தவறு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும். எவரோ ஒரு தன்னார்வலர் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கண்மாயின் கரையை வரைபடத்தில் வரைந்தார். அதற்கு 'நீர்' என்று பெயரிட்டார். மென்பொருள் அதை நம்பிப் பன்னிரண்டு மாதமும் தண்ணீர் நிரப்பிவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறைந்து, பங்குனிக்குள் மண்ணாகிவிடும் ஒரு நீர்நிலையை அதற்குச் சொல்லிக்கொடுக்க யாருமில்லை. சொல்லக்கூடியவர்கள் நாம். நாம் சொல்லவில்லை என்பது பாதி உண்மை. சொன்னதைப் பூட்டி வைத்துக்கொண்டோம் என்பது மீதி. இந்த மீதியோடுதான் எனக்குச் சண்டை.

விவரம் அறியாதவர்களுக்காகச் சில வரிகள். எக்ஸ்-பிளேன் போன்ற சிமுலேட்டர்கள் உலகத்தை ஒரு பாகை அகலமும் ஒரு பாகை உயரமும் கொண்ட கட்டங்களாக அறுத்து வைத்திருக்கின்றன. நம் பக்கத்தில் ஒரு கட்டம் ஏறக்குறைய 110 கிலோமீட்டர் சதுரம். மதுரை விமான நிலையம், அருப்புக்கோட்டை, திருச்சுழி, எம்.ரெட்டியபட்டி எல்லாம் +09+078 என்ற ஒரே கட்டத்துக்குள் அடங்கும். மாவட்டத் தலைநகரான விருதுநகர் மேற்கே அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறது. தூத்துக்குடி விமான நிலையம் தெற்கே அடுத்த கட்டம். இந்தக் கட்டங்களின் மேல் ஓடுபாதை, டாக்ஸிவே, முனையக் கட்டடம், விளக்குகள், மரங்கள் என்று ஆர்வலர்கள் தாமே செய்து சேர்ப்பதற்குச் 'சீனரி' என்று பெயர். அதைச் செய்ய வேர்ல்ட் எடிட்டர் என்ற கருவி இலவசமாகக் கிடைக்கிறது. வேலை முடிந்ததும் 'எக்ஸ்போர்ட்' கொடுத்தால் சிமுலேட்டர் படிக்கும் வடிவில் ஒரு கோப்புறை உருவாகும். அதைப் பகிர்ந்தால் உலகத்தில் யாரும் அங்கே இறங்கலாம்.

என் அக்கா மகன் இப்படித் தூத்துக்குடி விமான நிலையத்தைச் செய்தான். பொறியியல் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த காலம். வாகைக்குளத்துக்குப் பேருந்தில் போய், வேலிக்கு வெளியே நின்று பார்த்து, திரும்பி வந்து இரவெல்லாம் வரைவான். நான்கு மாத உழைப்பு. செம்மண், உடைமரம், தூரத்துப் பனைகள் என்று அந்த நிலத்தை அறிந்த கண் அதில் இருந்தது. பென் டிரைவில் ஏழெட்டு நண்பர்களுக்குக் கொடுத்தான். கூடவே ஒரு குறிப்பு: 'இதை மாற்றவோ பிறருக்குத் தரவோ கூடாது.' கட்டணச் சீனரி எதிலோ பார்த்த வாசகத்தை அப்படியே எடுத்து ஒட்டியிருந்தான். தன் பெயருக்குப் பதில் ஒரு புனைபெயர். பிறகு வளைகுடாவுக்குப் போய்விட்டான்.

2025 ஜூலை 26 அன்று தூத்துக்குடியில் புதிய முனையம் திறக்கப்பட்டது. 1350 மீட்டராக இருந்த ஓடுபாதை 3115 மீட்டர் ஆகியிருந்தது. அதுவரை ஏ.டி.ஆர். போன்ற சிறிய விமானங்களே வந்துபோன இடம் அது. நண்பன் ஒருவன் அந்தச் சீனரியைத் திருத்தலாமா என்று என்னிடம் கேட்டான். தொலைபேசியில் மருமகனைப் பிடித்தேன். "மாமா, அந்த லேப்டாப்பை வித்துட்டேனே, எல்லாம் அதுலதான் இருந்துச்சு" என்றான். எக்ஸ்போர்ட் செய்த கோப்பிலிருந்து ஓடுபாதைக் கோடுகளை மீட்க முடியும். மூலத்தில் அவன் எழுதி வைத்திருந்த அளவுகள், படங்கள், கட்டடத்தை வடித்த பிளெண்டர் கோப்பு எதுவும் மீளாது. "யார் கேட்டிருந்தாலும் சரின்னு சொல்லியிருப்பேன் மாமா" என்று வருத்தப்பட்டான். யாரிடம் கேட்பது என்று எவருக்குமே தெரியாதபடி எழுதி வைத்தவன் அவன்தான்.

இவன் ஒருவன் கதை என்றால் எழுதியிருக்க மாட்டேன். இதே மனநிலையை நம் ஆர்வலர்களிடம் திரும்பத் திரும்பக் காண்கிறேன். அவர்கள் சொல்லும் காரணங்கள் மூன்று.

முதலாவது, 'உழைப்பு என்னுடையது, சும்மா ஏன் தரவேண்டும்?' நல்லது, விற்றுக்கொள்ளுங்கள். விற்பதில் கேவலம் ஒன்றுமில்லை. விற்கவும் மாட்டேன், தரவும் மாட்டேன் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அத்துடன் அந்த உழைப்புக்கு அடியில் கிடப்பது எவருடைய உழைப்பு? கருவி இலவசம். 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சாலைகளையும் கண்மாய்களையும் வரைந்தவர்கள் கூலி கேட்கவில்லை. ஓப்பன்சீனரிஎக்ஸ் போன்ற பொதுத் தொகுப்புகளிலிருந்து எடுத்து நட்ட மரத்துக்கும் விளக்குக்கும் யாரும் விலை வாங்கவில்லை.

இரண்டாவது, 'பெயரை அழித்துவிட்டுத் தங்களுடையது என்பார்கள்.' சிலர் செய்வார்கள். தேதியோடும் பெயரோடும் பொதுவில் வைக்கப்பட்ட பிரதியே அதற்கு எதிரான முதல் சாட்சி. எக்ஸ்-பிளேன் நிறுவனம் நடத்தும் சீனரி கேட்வேயில் செய்தவர் பெயரோடுதான் விமான நிலையங்கள் சேர்கின்றன. ஜி.பி.எல். என்னும் திறந்த உரிமத்தின் கீழ் வருவதால் அடுத்தவர் அதை எடுத்துத் திருத்தி மீண்டும் தரலாம். அலமாரியில் வைத்த சீனரிக்குத் திருடனும் இல்லை, சாட்சியும் இல்லை.

மூன்றாவது, 'இன்னும் முழுமை பெறவில்லை.' முழுமை பெற்ற விமான நிலையம் என்று நிலத்திலேயே ஒன்று கிடையாது. இடித்துக் கட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். பிறகு சீனரிக்கு மட்டும் ஏன் அந்தக் கவலை?

பகிர்ந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. 1996இல் தொடங்கிய ஆவ்சிம் என்ற தளம் உலகெங்கும் உள்ள ஆர்வலர்களின் கோப்புகளைச் சேர்த்து வைத்திருந்தது. 2009 மே மாதம் அதன் இரண்டு சர்வர்களையும் தாக்கி அழித்தார்கள். ஒன்றின் காப்புப் பிரதி மற்றதில்தான் இருந்தது. வெளியே தனியாக இல்லை. தளம் பின்னர் மீண்டெழுந்தது என்றாலும் பாடம் பாடமே. ஒரே இடத்தில் வைப்பதும் ஒருவகைப் பூட்டுதான். மூலக் கோப்போடு, உரிமக் குறிப்போடு, பல இடங்களில் வைக்கவேண்டும். கூகுள் படத்தை வெட்டி ஒட்டியிருந்தால் அதை நீக்கிவிடவேண்டும். பிறர் சொத்தைப் பகிர நமக்கு உரிமையில்லை.

கேட்வே மீதும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அதில் பொதுத் தொகுப்பிலுள்ள பொருள்களை மட்டுமே பயன்படுத்தலாம். நாமே வடித்த கோபுரத்தையோ கரிமூட்டப் புகையையோ அது ஏற்காது. எல்லோர் கணினிக்கும் போகவேண்டிய அடிப்படைத் தொகுப்பு என்பதால் அந்தக் கட்டுப்பாடு என்பது புரிகிறது. ஆனால் உலகப் பொதுத் தொகுப்பில் கரிசல் இல்லை. ஆகவே ஓடுபாதையைக் கேட்வேயிலும், நம் நிலத்தைத் தனித் தொகுப்பாகவும் தருவதே வழி.

இதையெல்லாம் இலக்கியம் படிப்பவர்களிடம் ஏன் சொல்கிறாய் என்று கேட்கலாம். 'விளையாட்டுச் சாமான்' என்று முகம் சுளிப்பவர்களும் உங்களில் உண்டு என்பதை அறிவேன். உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்தது ஏடுகள் இல்லாததால் அல்ல. அவை வீட்டுப் பரண்களில் கிடந்ததால். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் வழியே யாரோ தட்டச்சு செய்த பழந்தமிழ் நூல்களை இன்று காசில்லாமல் படிக்கிறோம். பரணையும் பகிர்வையும் நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்? ஒரு நிலத்தை அதன் மண்ணோடும் பருவத்தோடும் மரத்தோடும் எழுதிக் காட்டுவது நாவலில் மட்டும்தான் நடக்கும் என்று எண்ணுவது நம் சோம்பல். கண்மாய் எப்போது நீர், எப்போது நிலம் என்று அறிந்த எழுத்தாளரும் அதை வரையத் தெரிந்த பையனும் ஒரே ஊரில் பேசிக்கொள்ளாமல் இருக்கிறார்கள். அந்த இடைவெளியில்தான் திரையில் நீல நிறம் ததும்புகிறது.

தூத்துக்குடியை மருமகனும் நானும் மறுபடி தொடங்கியிருக்கிறோம். அவன் அங்கிருந்து ஓடுபாதை வரைகிறான். நான் இங்கிருந்து மரங்களைச் சொல்கிறேன். புதிய முனையத்தின் முகப்பு இன்னும் சரியாக வரவில்லை, வண்டி நிறுத்துமிடமும் கோணலாக இருக்கிறது. வரும் பொங்கலன்று அப்படியே, மூலக் கோப்போடு வெளியிடுகிறோம். குறிப்பில் இந்த முறை ஒரே வரி: 'யாரும் எடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் தரவேண்டும்.' கீழே அவனுடைய சொந்தப் பெயர்.