பட்டம் கையில், இனி எதற்காகக் காத்திருப்பு?

கடந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்த நேரம் தங்கச்சியிடமிருந்து தொலைபேசி அழைப்பு. "காக்கா, மகன்ட கடைசி ரிசல்ட் வந்திட்டாம். காலையில இருந்து அறையப் பூட்டிக்கிட்டு இரிக்கான். நீங்க ஒருக்கா வந்து கதைங்க" என்றாள். மருமகன் சித்தியடையவில்லையோ என்ற பதற்றத்தோடு போனேன். போய்ப் பார்த்தால் அவன் முகாமைத்துவப் பட்டதாரியாகி இருந்தான். நான்கு வருடப் படிப்பில் ஒரு பாடத்திலும் தவறவில்லை. அப்படியானால் கதவைப் பூட்டியது ஏன்?

"3.28 மாமா. 3.30 வந்திருந்தா செகண்ட் அப்பர். பூச்சியம் தசம் பூச்சியம் ரெண்டுதான் குறைஞ்ச."

பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளைகளை அனுப்பாத வாசகர்களுக்காக இதைச் சற்று விளக்க வேண்டும். எமது பல்கலைக்கழகங்களில் பாடப் பெறுபேறுகளின் சராசரி 4.00இற்குக் கணிக்கப்படுகிறது. பொதுவாக 3.70 எடுத்தால் முதலாம் வகுப்பு, 3.30 எடுத்தால் இரண்டாம் வகுப்பு மேல்நிலை, 3.00 எடுத்தால் இரண்டாம் வகுப்பு கீழ்நிலை. அதற்குக் கீழே 2.00 வரை சாதாரண சித்தி.

கணக்குப் பார்ப்பது என் தொழில். அவனது பெறுபேற்றுத் தாளை வாங்கிப் பார்த்தேன். மொத்தம் 120 கிரெடிட். மூன்று கிரெடிட் கொண்ட ஒரேயொரு பாடத்தில் சீ பிளஸுக்குப் பதிலாக பீ பிளஸ் எடுத்திருந்தால் சராசரி 0.025 ஏறியிருக்கும், மேல்நிலை கிடைத்திருக்கும். அந்தப் பாடம் இரண்டாம் வருடப் புள்ளிவிபரவியல். அந்தப் பருவத்தில் என்ன நடந்தது என்று கேட்டேன். தங்கள் பெட்ச்சுக்கு டீசேட் அடிப்பிக்கும் பொறுப்பு அவனிடம் இருந்ததாம். 180 பேரிடம் காசு சேர்த்து, புறக்கோட்டையில் நாலு கடையில் விலை கேட்டு, தைப்பித்து, அளவு பிழைத்தவற்றை மாற்றிக் கொடுத்து, மிஞ்சிய காசை ஆளுக்கு 40 ரூபா வீதம் திருப்பியும் கொடுத்திருக்கிறான். அந்தக் கணக்குக் கொப்பி இன்னும் அவனிடம் இருக்கிறது. ஒரு வியாபாரியாக எனக்கு அந்த 3.28ஐ விட இந்தக் கொப்பிதான் பெரிதாகத் தெரிந்தது. ஆனால் அதை அன்று அவனிடம் சொல்லவில்லை. அடிபட்டிருப்பவனுக்கு உடனே உபதேசம் ஏறாது.

வகுப்பு எங்கே செல்லுபடியாகும்?

வகுப்புக்கு மதிப்பில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அது ஒரு நாணயம். எல்லா நாணயத்தையும் போல அது சில சந்தைகளில் மட்டுமே செல்லும். விரிவுரையாளராக வரவேண்டுமா? முதலாம் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேல்நிலையோ இல்லாமல் அந்தக் கதவு இலேசில் திறக்காது. வெளிநாட்டுப் புலமைப்பரிசிலுக்கும் பட்டப்பின் படிப்புக்கும் அது பெருமளவு உதவும். இந்த வழியில் போக நினைப்பவர்கள் முதல் வருடத்திலிருந்தே ஒவ்வொரு புள்ளியையும் காக்க வேண்டும். மூன்றாம் வருடத்தில் விழித்துக்கொண்டால் சராசரி அசையாது.

நிர்வாக சேவைக்குப் போக வேண்டுமா? அங்கே பட்டம் வேண்டும், போட்டிப் பரீட்சையில் வெல்ல வேண்டும், வயதெல்லைக்குள் இருக்க வேண்டும். பட்டயக் கணக்காளராக வேண்டுமா? அதற்கென்று தனிப் பரீட்சைகளும் பல வருடச் செய்முறைப் பயிற்சியும் இருக்கின்றன. தனியார் நிறுவனங்கள் முதல் நேர்முகப் பரீட்சையில் வகுப்பைப் பார்க்கலாம். இரண்டாவது வேலைக்குப் போகும்போது, "இதுவரை என்ன செய்தீர்?" என்றே கேட்பார்கள். சொந்த வியாபாரத்தில் வாடிக்கையாளர் எவரும் எமது பெறுபேற்றுத் தாளைக் கேட்பதில்லை.

ஆகவே மருமகன் இழந்தது ஒரு கதவு. அவனோ தெருவிலுள்ள எல்லாக் கதவுகளும் மூடிவிட்டதாக நினைத்தான். அவன் விரிவுரையாளராக வேண்டும் என்று என்றைக்காவது ஆசைப்பட்டானா என்றால், அதுவுமில்லை.

காத்திருப்பின் விலை

இரண்டு நாள் கழித்து அவனிடம், "இனி என்ன யோசனை மகன்?" என்று கேட்டேன். "பட்டதாரி நியமனம் வரும்வரைக்கும் பார்ப்பம் மாமா" என்றான். தங்கச்சியும் அதற்குத் தலையாட்டினாள். எமது வீடுகளில் அநேகமாகக் கேட்கும் பதில் இதுதான்.

இதற்குக் காரணம் உண்டு. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக ஆரம்பித்து 1996இல் முழுமையான பல்கலைக்கழகமாகிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம் எமது பிரதேசத்துக்கே ஒரு வாசலைத் திறந்தது. கடைக்காரரின், மீன் வியாபாரியின், வயல் செய்பவரின் வீட்டிலிருந்து முதற் பட்டதாரிகள் வந்தார்கள். வீட்டில் முதற் பட்டதாரி என்றால், பட்டத்துக்குப் பிறகு என்ன என்று சொல்லித்தர வீட்டில் ஆளில்லை என்றும் அர்த்தம். பெற்றாருக்குத் தெரிந்த பட்டதாரி பாடசாலை ஆசிரியரும் கச்சேரி உத்தியோகத்தரும்தான். ஆகவே பட்டம் என்றால் அரச நியமனம் என்றே எமது ஊர்கள் எழுதிக்கொண்டன.

நியமனங்கள் வந்ததும் உண்மை. 2020இல் ஆயிரக்கணக்கான பட்டதாரிகள் மாதம் 20,000 ரூபா கொடுப்பனவில் பயிலுனர்களாக உள்வாங்கப்பட்டார்கள். ஆனால் 2022இல் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்றபோது அரச ஆட்சேர்ப்புக்கும் கடிவாளம் விழுந்தது. அடுத்த நியமனம் எப்போது, எத்தனை பேருக்கு என்பதை வைத்து எந்த வியாபாரியும் தன் முதலைப் போடமாட்டான். நாமோ பிள்ளையின் இருபத்தைந்தாம் வயதையும் இருபத்தாறாம் வயதையும் அதில் போடுகிறோம்.

அதன் விலையை ஒரு உதாரணத்தில் பார்ப்போம். மாதம் 50,000 ரூபா சம்பளமுள்ள ஒரு சாதாரணத் தனியார் வேலை. இரண்டு வருடத்தில் 12 இலட்சம் ரூபா. தொழில்தருநர் கட்டவேண்டிய ஊழியர் சேமலாப நிதி 12 வீதம், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி 3 வீதம். இரண்டும் சேர்த்து மாதம் 7,500 ரூபா, இரண்டு வருடத்தில் 1 இலட்சத்து 80 ஆயிரம். மொத்தம் 13 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா. கற்ற தொழிலும் கிடைத்த அறிமுகங்களும் இதில் சேரவில்லை. காத்திருப்பது இலவசம் என்று நினைக்கிறோம். அதற்குப் பற்றுச்சீட்டு வருவதில்லை, அவ்வளவுதான்.

வாப்பாவின் கொப்பி

இந்த உபதேசத்தைச் செய்ய எனக்குத் தகுதி இருக்கிறதா என்று வாசகர்கள் கேட்கலாம். நான் 1997இல் வணிகப் பட்டதாரியானேன். அதன்பின் இரண்டு வருடமும் நாலு மாதமும் வீட்டில் இருந்தேன். கடைத்தெருவில் வாப்பாவுக்கு ஒரு புடவைக் கடை இருந்தது. வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. "ஒருக்கா வந்து கணக்கப் பாரு மகன்" என்று வாப்பா பல தடவை கேட்டார். பட்டதாரி துணி அளந்து கொடுப்பதா என்ற எண்ணம் என்னை விடவில்லை. தபால்காரரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

1999இல் வாப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து பேச்சு விழுந்தது. அதற்குப் பிறகுதான் கடையின் கடன் கொப்பியைத் திறந்தேன். "கடற்கரையார் 4,200", "வண்டிக்காரர் 1,850", "மாஸ்டர்ட தம்பி 6,000" என்று பக்கம் பக்கமாக இருந்தது. கூட்டிப் பார்த்தால் மூன்றரை இலட்சத்துக்கு மேல். எந்தக் கடற்கரையார், எந்த மாஸ்டர் என்பது வாப்பாவின் தலைக்குள் மட்டுமே இருந்தது. நான் பெயர்களை வாசிப்பேன். அவர் என் முகத்தைப் பார்ப்பார். கண்ணால் நீர் வடியும். பாதிக்கு மேல் திரும்பவில்லை. இரட்டைப் பதிவு முறையில் நல்ல புள்ளி எடுத்த ஒருவன் ஐந்து நிமிடத் தூரத்தில் சும்மா இருந்திருக்கிறான். நியமனக் கடிதம் பிறகு வந்தது. வாப்பாவையும் கடையையும் விட்டுப் போக முடியாமல் அதை ஏற்கவில்லை.

மருமகன் கேட்ட கேள்வி

இந்தக் கதையை மருமகனுக்குச் சொன்னேன். சொல்லிவிட்டு, "என்ட கடைக்கு வா. சம்பளம் தாறன்" என்றேன். அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டான்:

"கோவிக்காதீங்க மாமா. நியமனக் கடிதம் தருவீங்களா? ஈபீஎப் கட்டுவீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. என்னிடம் நாலு பேர் வேலை செய்கிறார்கள். இருவருக்கே கட்டி வந்தேன். மற்ற இருவரும் "நம்மட பொடியன்கள்". பெருநாளைக்கு உடுப்பு, வீட்டில் சுகமில்லை என்றால் கைச்செலவு, எல்லாம் கொடுப்பேன். அதுவே போதும் என்று நினைத்திருந்தேன். ஆனால் ஒருவரை வேலைக்கு வைத்தாலும் சேமலாப நிதி கட்ட வேண்டும் என்பது சட்டம். தொழிலாளியின் பங்கு 8 வீதம், எமது பங்கு 12 வீதம். பெருநாள் உடுப்பு எமது அன்பு. சேமலாப நிதி அவர்களது உரிமை. ஒன்றைக் கொடுத்து மற்றதை மறைக்க முடியாது.

அப்போதுதான் ஒரு விடயம் விளங்கியது. அரச நியமனத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்கிறோம். அவர்கள் கணக்குப் பார்த்துத்தான் காத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் ஓய்வூதியம், லீவு, கடிதம். மறுபக்கம் காலை எட்டு மணியிலிருந்து இரவு ஒன்பது மணிவரை வேலை, சம்பளச் சீட்டில்லை, பதவிப் பெயரில்லை, பெண் பார்க்கப் போனால் "கடையில நிக்கிறார்" என்ற ஒரு சொல். இந்த இரண்டில் எதைத் தெரிவு செய்வார்கள்?

ஆகவே எமது வர்த்தகர்களுக்கும் ஒரு வார்த்தை. படித்த பிள்ளைகள் வியாபாரத்துக்கு வருவதில்லை என்று குறைப்படுகிறோம். அவர்கள் வரக்கூடிய ஒரு வேலையை எமது கடைகளில் உண்டாக்கினோமா? கொள்வனவு, இருப்பு, கடன் அறவீடு, வரி என்று ஒரு பட்டதாரி பொறுப்பெடுக்கக்கூடிய வேலை ஒவ்வொரு நடுத்தரக் கடையிலும் இருக்கிறது. அதற்குப் பெயரும் கடிதமும் நேரமும் சம்பளமும் கொடுத்தால், அது தொழில்.

என் மகளும் மூன்றாம் வருடத்தில் படிக்கிறாள். இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கும் இந்தக் கணக்குத்தானா வாப்பா? எங்கட கடைத்தெருவுல எனக்கு எந்தக் கடையில வேலை தருவாங்க?" என்றாள். இன்று பல்கலைக்கழகங்களில் பெண் பிள்ளைகளே பெரும்பான்மை. அவர்கள் வீட்டுக்குக் கிட்டிய அரச தொழிலைத் தேடுவதில் நியாயமிருக்கிறது. மற்ற வழிகளை நாம் திறக்கவில்லை. அவளுக்கு அன்று நான் சரியான பதில் சொல்லவில்லை. கணக்கு வேலையைக் கடைக்குள் நின்றுதான் செய்ய வேண்டும் என்றில்லை. எங்கள் கடைத்தெருவில் பத்துக் கடைகளின் கணக்கை ஒரு வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. இதைச் செய்து பார்க்க வேண்டும்.

காலக்கெடு வையுங்கள்

மாணவர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. எந்தக் கதவுக்குப் போகிறீர்கள் என்பதை இரண்டாம் வருடத்திலேயே யோசியுங்கள். வகுப்புத் தேவைப்படும் வழியென்றால் அதற்காக உழையுங்கள். தேவைப்படாத வழியென்றால் நல்ல சித்தியோடு, அந்த வழிக்குரிய பரீட்சையையோ பயிற்சியையோ படிக்கும்போதே தொடங்குங்கள். மஜ்லிஸ் வேலையோ டீசேட் வேலையோ, செய்த பொறுப்புகளின் கணக்கைப் பத்திரப்படுத்துங்கள். நேர்முகப் பரீட்சையில் காட்டுவதற்கு அதுவும் ஒரு சான்று. அரச தொழிலுக்கு விண்ணப்பியுங்கள், போட்டிப் பரீட்சை எழுதுங்கள். ஆனால் வேலை செய்துகொண்டே எழுதுங்கள். எவ்வளவு காலம் என்பதற்கு ஒரு திகதி போடுங்கள். வாப்பாமாரும் உம்மாமாரும் அந்தத் திகதியைக் கலண்டரில் எழுதி வையுங்கள்.

மருமகன் இம்மாதம் முதலாம் திகதி என் கடையில் சேர்ந்தான், ஆறு மாதத்துக்கு. அதன் பிறகு இருப்பதா, போவதா என்பதை அவன் தீர்மானிப்பான். விடுபட்ட இருவருக்கும் சேமலாப நிதிப் பதிவு முடிந்தது. மூவருக்குமான நியமனக் கடிதங்களை அவனே தட்டச்சு செய்தான். தன் கடிதத்தில் என்னைக் கேளாமலே ஒரு வரி சேர்த்திருந்தான்: "போட்டிப் பரீட்சை நாட்களில் சம்பளத்துடன் லீவு." வாசித்துவிட்டு, அந்த வரியை மற்ற இருவரின் கடிதத்திலும் சேர்க்கச் சொல்லிக் கையொப்பமிட்டேன்.