தனிமனிதரா, அமைப்பா?

சமுதாயம் நடப்பது தனிமனிதரின் மனவுறுதியாலா, அல்லது சட்டம், கூலி, வழக்கம் என்னும் அமைப்புகளாலா? பட்டிமன்றத்தில் எந்தப் பக்கம் பேசினாலும் கைதட்டல் வாங்கிவிடலாம். நம் திண்டுக்கல் மண்ணிலேயே விடை தேடினால் என்ன, தோழியரே?

மதுரைச் சாலையில் போகும்போது சின்னாளபட்டியை அடுத்துள்ள காந்திகிராமத்தைப் பார்த்திருப்பீர்கள். 1947இல் அதைத் தோற்றுவித்தவர் டாக்டர் சௌந்தரம் அம்மையார். சிறுமியாக மணமாகி, இளமையிலேயே கணவரை இழந்தவர். டில்லி சென்று மருத்துவம் பயின்றார். 1940இல் காந்தியத் தொண்டர் ஜி. இராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். விதவை மறுமணச் சட்டம் 1856இலேயே வந்துவிட்டது. 84 ஆண்டுகள் கடந்தும் அத்தகைய மணங்கள் அரிதாகவே இருந்தன.

எனவே தனிமனிதரே எல்லாம் என்பர் சிலர். நான் ஒப்பமாட்டேன். அம்மையார் டி.வி.எஸ். நிறுவனர் சுந்தரம் அய்யங்காரின் மகள். செல்வம் இருந்தது, பெண்களுக்கென்றே டில்லியில் லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியும் இருந்தது. அதே நாளில் விதவையான ஓர் ஏழைச் சிறுமிக்கு, அவரைப் போன்ற உறுதி இருந்திருந்தாலும், என்ன வழி? அவள் பெயர்கூட நமக்குத் தெரியாது.

நம் மாவட்டத்தில் நூற்பாலைகள் பல. ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் இளம்பெண்களை விடுதியில் தங்கவைத்து, மூன்றாண்டு வேலை முடிந்தால் திருமணத்திற்கென்று ஒரு தொகை தருவதாகச் சொன்ன ஆலைகள் இங்கும் இருந்தன. படிப்பை நிறுத்தி மகளை மில்லுக்கு அனுப்பும் தாயைக் கல்நெஞ்சக்காரி என்று ஊர் ஏசும். எங்கள் தெருவிலும் கேட்டிருக்கிறேன். நகை கேட்ட மாப்பிள்ளை வீட்டாரை மட்டும் யாரும் ஏசுவதில்லை! இத்தனைக்கும் வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் வந்தது. அந்தத் தாயின் இடத்தில் வேறொரு தாயை வைத்துப் பாருங்கள். அதே மானாவாரி நிலம், அதே கடன், அதே பவுன் கணக்கு. அவளும் பெரும்பாலும் அதையேதான் செய்வாள்.

ஆகவே ஒரு சிலரின் வாழ்வுக்கு மனவுறுதி காரணமாகலாம். பலருடைய வாழ்வை நடத்துவது அமைப்புதான் என்பது என் துணிபு. அம்மையாரும் இதை அறிந்திருந்தார் போலும்! எல்லாப் பெண்களும் தம்மைப் போல் போராடி வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. மருத்துவமனை, பள்ளி, பயிற்சி என்று அமைப்புகளாகவே கட்டினார். 1984இல் அவர் மறைந்தார். காந்திகிராமத்துக் கஸ்தூரிபா மருத்துவமனையில் இன்றும் குழந்தைகள் பிறக்கின்றன. அங்கே வரும் தாய்மாருள் அவர் பெயரை அறியாதவரும் இருக்கலாம்.